வேண்டாவெறுப்பாக ஒரு கச்சேரிப் பதிவு

டீப் பர்ப்பிள் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'மேட் இன் ஜப்பான்' கச்சேரி ஆல்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் ஒன்றில் பாட்டே இல்லை. இரண்டு பாட்டுகளுக்கு நடுவே பாடகர் இயன் கில்லன் ஒலிக்கருவிகளைப் பார்த்துக்கொள்பவர்களிடம் பேசுகிறார். மேடைக்குக் கேட்கும் மானிட்டர் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டச் சொல்கிறார். உடனே இன்னொரு குரல், எல்லாவற்றையும் மற்ற எல்லாவற்றையும்விடச் சத்தமாக வைக்க முடியுமா என்று கேட்கிறது. கில்லன் அதையே திருப்பிச் சொல்கிறார். சில நொடிகளில் முடிந்துவிடும் பேச்சு. ஆனால் ராக் ரசிகர்களிடையே அது பழமொழி மாதிரி ஆகிவிட்டது. மோட்டார்ஹெட் குழு 1999இல் வெளியிட்ட தங்கள் கச்சேரி ஆல்பத்துக்கு அந்த வாக்கியத்தையே லேசாக மாற்றித் தலைப்பாக வைத்தது.

கேட்டது விளையாட்டுக்குத்தான். ஆனால் கேட்ட குழு சாதாரணக் குழு இல்லை. 1972இல் லண்டன் ரெயின்போ தியேட்டரில் 117 டெசிபல் சத்தம் எழுப்பியதற்காக, உலகிலேயே அதிகச் சத்தம் போடும் குழு என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தவர்கள். அந்தக் கச்சேரியில் மூன்று ரசிகர்கள் மயங்கி விழுந்தார்களாம். சத்தத்தால் விழுந்தார்களா, சாப்பிடாமல் வந்து விழுந்தார்களா என்று யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் இந்த ஆல்பத்தை நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பதற்குச் சத்தம் காரணமில்லை. ஒருவர் வாசிப்பதை மற்றவர் எவ்வளவு கூர்ந்து கேட்கிறார் என்பது இத்தனை தெளிவாகக் காதில் விழும் ராக் பதிவு வேறொன்றை நான் கேட்டதில்லை. அந்த ஐந்து பேரில் இரண்டு பேருக்கு ஏற்கெனவே ஒத்துப்போகவில்லை என்பது தெரிந்த பிறகு இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது.

இப்படி ஒரு ஆல்பம் போட வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு இருக்கவில்லை. யோசனை ஜப்பானிலிருந்து வந்தது. அவர்களுடைய 'மெஷின் ஹெட்' ஆல்பம் 1972 மார்ச்சில் வெளியாகி உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. டீப் பர்ப்பிள் முதல்முறையாக ஜப்பானுக்கு வரப் போகிறது என்றதும், கச்சேரியை அங்கேயே பதிவு செய்து ஜப்பானில் மட்டும் விற்கலாம் என்று அங்குள்ள வார்னர் நிறுவனம் கேட்டது. குழுவுக்கு இஷ்டமில்லை. மேடையில் நடப்பது மேடையோடு முடிய வேண்டும், அதை இசைத்தட்டில் பிடித்தால் அதன் உயிர் போய்விடும் என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்தது. இன்னொரு பக்கம், அவர்களுடைய கச்சேரிகளை யார் யாரோ திருட்டுத்தனமாகப் பதிவு செய்து, மட்டமான ஒலியில் விற்றுக் காசு பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நிபந்தனைகளோடு சம்மதித்தார்கள். எங்கள் ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பர்ச்தான் பதிவு செய்வார், நாடாக்களை நாங்கள் எடுத்துப்போய், தனித்தனி ஒலிகளைச் சேர்த்து நாங்களே மிக்ஸ் செய்வோம், எங்களுக்குப் பிடிக்காவிட்டால் வெளியிடக் கூடாது என்றார்கள்.

செலவு ஏறக்குறைய 3,000 டாலர். ஒலிகளை எட்டுத் தடங்களில் தனித்தனியாகப் பதியும் எட்டு டிராக் இயந்திரம் ஒன்று. அங்கே தயாராக வைத்திருந்த கருவிகளைப் பார்த்து குழுவினருக்குப் பெரிய நம்பிக்கை வரவில்லை. சரி, எப்படியும் இது வெளியே வரப்போவதில்லை என்று விட்டுவிட்டார்கள். மேடையேறிய பிறகு பதிவைப் பற்றி நினைக்கவே இல்லை. இதைத்தான் இந்த ஆல்பத்தின் அதிர்ஷ்டம் என்று நான் நினைக்கிறேன். பதிவாகிறது என்ற நினைப்பு வந்தால் எந்தக் கலைஞனுக்கும் கை கொஞ்சம் கட்டுப்படும். தப்பு வரக் கூடாது என்ற கவனத்தில், தப்பு வரக்கூடிய பக்கமே போகமாட்டான். ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் ஒசாகாவின் ஃபெஸ்டிவல் ஹாலிலும், 17ஆம் தேதி டோக்கியோவின் நிப்பான் புடோகான் அரங்கிலும் இந்த ஐந்து பேரும் போகாத பக்கமே இல்லை.

அவர்கள் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். பாட்டு இயன் கில்லன், கிடார் ரிச்சி பிளாக்மோர், ஹாமண்ட் ஆர்கன் ஜான் லார்ட், பாஸ் கிடார் ரோஜர் குளோவர், டிரம்ஸ் இயன் பெய்ஸ். ஜான் லார்டுக்கு மட்டும் 31 வயது. மற்ற நால்வரும் இருபதுகளில் இருந்தார்கள். கில்லனுக்கு 27 முடிந்ததே புடோகான் கச்சேரிக்கு இரண்டு நாள் கழித்துத்தான்.

ஆல்பம் 'ஹைவே ஸ்டார்' பாட்டோடு தொடங்குகிறது. இந்தப் பாட்டு பிறந்த விதமே மேடைக்குரியது. 1971இல் போர்ட்ஸ்மத் நகருக்குக் கச்சேரிக்காகப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது, நீங்கள் எப்படிப் பாட்டு எழுதுகிறீர்கள் என்று ஒரு நிருபர் கேட்டார். இப்படித்தான் என்று பிளாக்மோர் கிடாரை எடுத்து ஒரே சுரத்தை வேகமாக அடிக்க, கில்லன் அதன்மேல் வாய்க்கு வந்ததைப் பாட, அன்று இரவே அதை மேடையில் வாசித்துவிட்டார்கள். ஒசாகாவில் அது உடனே தொடங்கவில்லை. முதலில் ஆர்கன் மெல்ல முனகுகிறது, பெய்ஸ் ஸ்னேர் டிரம்மைத் தட்டுகிறார், ஒவ்வொருவராக உள்ளே வருகிறார்கள். வண்டியைக் கிளப்பும் முன் இன்ஜினைச் சூடேற்றுகிற மாதிரி. பிறகு கில்லனின் அலறல் மேலே ஏறுகிறது. அதற்கப்புறம் ஆறு நிமிடத்துக்கு மூச்சுவிட இடமில்லை.

பிளாக்மோரின் தனி வாசிப்பு இந்தப் பாட்டில் மட்டும் ஏறக்குறைய ஸ்டூடியோவில் வாசித்தபடியே இருக்கும். அதை அவர் முன்கூட்டியே சுரம் சுரமாக யோசித்து அமைத்திருந்தார். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசையை ஒட்டிய கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) வரிசை அதற்கு அடிப்படை என்று அவரே சொல்லியிருக்கிறார். மற்ற பாட்டுகளில் ஒரு நாள் வாசித்தது மறுநாள் இருக்காது.

ஹெட்போனில் கேட்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். இடது காதில் ஆர்கன், வலது காதில் கிடார். பல இடங்களில் எது ஆர்கன் எது கிடார் என்று பிரித்துச் சொல்ல இந்த இடம்தான் உதவும், ஏனென்றால் ஒலி அவ்வளவு நெருக்கம். ஹாமண்ட் ஆர்கனை எல்லோரும் லெஸ்லி என்ற சுழலும் ஸ்பீக்கர் வழியாகத்தான் வாசிப்பார்கள். தேவாலயத்திலும் ஜாஸ் கிளப்பிலும் கேட்கும் அந்த அலையலையான நாதம் அதிலிருந்து வருவது. ஜான் லார்ட் ஆர்கனை மார்ஷல் கிடார் ஆம்ப்பில், அதாவது கிடார் ஒலியைப் பெருக்கும் பெட்டியில், கொண்டுபோய்ச் செருகினார். அது உறுமத் தொடங்கியது. முறையாகப் பியானோ பயின்றவர், 1969இல் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு தன் குழுவையும் சேர்த்து வாசிக்க கன்செர்ட்டோ எழுதியவர், ஏன் இப்படி ஒரு முரட்டு வேலை செய்தார் என்று கேட்டால் பதில் எளிது. பக்கத்தில் நிற்கும் பிளாக்மோரின் 200 வாட் ஆம்ப்புக்கு ஈடுகொடுக்க வேறு வழி இல்லை.

அடுத்து வரும் 'சைல்ட் இன் டைம்' பன்னிரண்டு நிமிடம். இதன் ஆர்கன் தொடக்கம் அவர்களுடைய சொந்தச் சரக்கு இல்லை. சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த 'இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே' என்ற குழு 1969இல் வெளியிட்ட 'பாம்பே காலிங்' என்ற வாத்திய இசையிலிருந்து எடுத்தது. அதில் வயலின் வேகமாகப் போகும், இவர்கள் அதை நிதானப்படுத்திவிட்டார்கள். அந்தக் குழுவும் சும்மா இருக்கவில்லை. டீப் பர்ப்பிளின் 'ரிங் தட் நெக்' வாத்திய இசையை எடுத்துத் தன் அடுத்த ஆல்பத்தில் வேறு பெயரில் போட்டுக்கொண்டது. கணக்கு நேர். வக்கீல் நோட்டீஸ் இல்லாமல் இப்படித் தீர்த்துக்கொள்ள முடிந்த காலம்.

இந்தப் பாட்டில் கில்லனின் குரல் முனகலில் தொடங்கி, வார்த்தை இல்லாத ஓலமாகப் படிப்படியாக ஏறுகிறது. எந்த இடத்தில் பாடகன் நின்று மிருகம் தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. வயதான பிறகு அவரால் இதைப் பாட முடியவில்லை. 2002க்குப் பிறகு மேடையில் பாடுவதை நிறுத்திவிட்டார். பாட முடியாததைப் பாடுகிறேன் என்று சமாளிக்காமல் பட்டியலிலிருந்தே எடுத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. சுருதியை இறக்கி, கூட்டத்தைப் பாடவிட்டு ஒப்பேற்றுகிற பெரியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிடார் கடைக்குள் நுழையும் எந்தப் பையனும் முதலில் வாசித்துப் பார்க்கும் அந்த நான்கு சுர ரிஃப், திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கு, இந்தப் பாட்டில்தான். பாட்டு சொல்வது உண்மைக் கதை. 1971 டிசம்பரில் ஸ்விட்சர்லாந்தின் மொந்த்ரோ நகரில், ஏரிக்கரையில் இருந்த கேசினோவில் ஆல்பம் பதிவு செய்யலாம் என்று டீப் பர்ப்பிள் போயிருந்தது. ஸ்டூடியோவின் மூடிய அறை வேண்டாம், காலியான அரங்கில் மேடையில் வாசிப்பது போலவே வாசித்துப் பதிவு செய்தால் கச்சேரியின் வீச்சு தட்டிலும் வரும் என்பது திட்டம். இதற்காகவே ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் பதிவு வண்டியை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். டிசம்பர் 4ஆம் தேதி அங்கே அமெரிக்க ராக் கலைஞர் பிராங்க் சாப்பாவின் கச்சேரி. நடுவில் யாரோ ஒரு ரசிகர் சமிக்ஞைத் துப்பாக்கியைக் கூரையை நோக்கிச் சுட, கேசினோ முழுக்க எரிந்து சாம்பலாயிற்று. புகை ஏரிமேல் பரவியதை ஹோட்டல் ஜன்னலிலிருந்து பார்த்த ரோஜர் குளோவருக்குப் பிறகு பாட்டின் தலைப்பு கிடைத்தது. கடைசியில், குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்த கிராண்ட் ஹோட்டலின் நடைபாதையில் மெத்தைகளை முட்டுக்கொடுத்து 'மெஷின் ஹெட்' ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள்.

அதாவது, மொந்த்ரோவில் தேடிப்போய், தீயில் பறிகொடுத்த அரங்கத்தின் ஒலி, எட்டு மாதம் கழித்து ஒசாகாவில் தேடாமலே கிடைத்தது. 'மேட் இன் ஜப்பான்' ஆல்பத்தின் ஏழு பாட்டில் நான்கு 'மெஷின் ஹெட்' பாட்டுகள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஸ்டூடியோப் பதிவு ஒத்திகை மாதிரி இருக்கிறது. நல்ல ஒத்திகைதான், குறை சொல்லவில்லை.

ஒசாகாவில் பிளாக்மோர் அந்த ரிஃப்பைத் தனியாகத் தொடங்குகிறார். கூட்டம் கைதட்டத் தொடங்குகிறது. அவர் தாளத்தில் லேசாக விளையாடுகிறார், வழக்கமான இடத்தில் விழ வேண்டியதைத் தள்ளி வைக்கிறார். அவருடைய குணமே அது. கூட்டம் தன்னோடு சேர்ந்துவிட்டது என்று தெரிந்தால் உடனே சந்துக்குள் திரும்பிவிடுவார். பாட்டின் கடைசியில் கிடாரும் ஆர்கனும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும் பகுதி ஸ்டூடியோப் பதிவில் கிடையாது. ஒருவர் சொன்னதை மற்றவர் பிடித்து, கொஞ்சம் திரித்துத் திருப்பிக் கொடுக்கிறார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வாசித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். பிளாக்மோர் சிரித்திருப்பாரா என்பது மட்டும் சந்தேகம்.

என்னிடம் இந்த ஆல்பம் முதலில் வந்தது 60 நிமிட கேசட்டாக. எங்கள் ஊரில் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. வெற்று கேசட்டும் பாட்டுப் பட்டியலும் கொடுத்தால், இசைத்தட்டிலிருந்து பதிந்து தருவார்கள். ஆல்பம் மொத்தம் 76 நிமிடம். 90 நிமிட கேசட் கேட்டிருக்க வேண்டும், காசில்லை. வாங்கிவந்து பார்த்தால் 'த மியூல்' பாட்டையே காணோம். போய்க் கேட்டேன். "தம்பி, அதுல பாட்டு எங்க இருக்கு? வெறும் டிரம்ஸ்தானே, அதான் விட்டுட்டேன்" என்றார் கடை அண்ணன். கர்நாடகக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீன் பக்கம் எழுந்துபோகும் கூட்டத்தைச் சேர்ந்தவர் போலும். பி பக்கத்தில் 'ஸ்பேஸ் டிரக்கிங்' பாதியில் நாடா தீர்ந்து நின்றுவிடும். இருபது நிமிடப் பாட்டில் பத்து நிமிடம்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

முழு ஆல்பமும் குறுந்தகடாகக் கையில் வந்தபோது முதலில் 'த மியூல்' பாட்டைத்தான் போட்டேன். டிரம்ஸ் தனி வாசிப்புகளைப் பொதுவாக நான் தள்ளிவிட்டுப் போகிறவன். இதில் தள்ள முடியவில்லை. காரணம் இயன் பெய்ஸ் பலத்தால் அடிக்கிறவர் இல்லை. பழைய பிக் பேண்ட் ஜாஸ் டிரம்மர்களைக் கேட்டு வளர்ந்தவர், இடதுகைக்காரர். ஸ்னேர் டிரம்மில் அவர் உருட்டும் ரோல் ஒன்றே ஒன்று, நுரை மாதிரி தணிந்துபோய், இல்லாமலே போய்விட்டதோ என்று நினைக்கும்போது திரும்ப எழும். இவ்வளவு சத்தமான குழுவில் இவ்வளவு தணிந்து வாசிக்க ஒரு துணிச்சல் வேண்டும். கடை அண்ணன் அதைக் கேட்டுவிட்டுத்தான் விட்டாரா என்பது தெரியவில்லை.

இந்த ஆல்பத்தின் உச்சம் என்று நான் நினைப்பது அடுத்த பாட்டு, 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் உமன்'. 1971இல் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டுத் தட்டாக, வந்தபோது நான்கு நிமிடத்துக்குக் குறைவான, கொஞ்சம் துள்ளலான ராக் பாட்டு. மேடையில் ஏறக்குறைய பத்து நிமிடம். நடுவில் கில்லனும் பிளாக்மோரும் எதிரெதிர் நிற்கிறார்கள். பிளாக்மோர் கிடாரில் ஒரு சிறு துணுக்கு வாசிக்கிறார், கில்லன் அதைக் குரலில் அப்படியே திருப்பித் தருகிறார். அடுத்தது இன்னும் சிக்கலானது. அதையும் தருகிறார். கிடார் கம்பியை வளைத்தால் குரலும் வளைகிறது. போகப் போகத் துணுக்குகள் குறுகிக்கொண்டே வந்து, கேள்வி எது பதில் எது என்று தெரியாமல் போய், கடைசியில் கில்லன் ஒரு நீண்ட அலறலை எடுத்து யாராலும் பின்தொடர முடியாத உயரத்துக்குக் கொண்டுபோய் வைக்கிறார். பிளாக்மோரிடம் அதற்குப் பதில் இல்லை. குழு மொத்தமும் சேர்ந்து மறுபடி பாட்டுக்குள் விழுகிறது.

விளையாட்டுப் போலத்தான் கேட்கும். ஆனால் எனக்கு அது விளையாட்டாகத் தோன்றவில்லை. இருவரில் யார் இந்தக் குழுவின் முகம் என்ற கேள்வி அப்போதே குழுவுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஓய்வே இல்லாமல் ஊர் ஊராகச் சுற்றியதில் உடம்பும் மனசும் களைத்திருந்தன. கில்லன், பிளாக்மோர் இருவருமே அதற்கு முந்தைய மாதங்களில் மஞ்சள் காமாலையில் படுத்து எழுந்தவர்கள். ஜப்பான் பயணமே மே மாதத்திலிருந்து ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனது. ஜப்பானிலிருந்து திரும்பிய சில மாதங்களில், 1972 டிசம்பரில், கில்லன் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டார். இதெல்லாம் தெரிந்துகொண்டு அந்தப் பகுதியைக் கேட்டால், நேரில் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய ஏதோ ஒன்றை மேடையில், அரங்கு நிறைந்த கூட்டத்தின் முன்னால், சுரமாக வைத்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் படுகிறது. ஒருவரை ஒருவர் அவ்வளவு நன்றாகக் கேட்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. மற்றவர் அடுத்து என்ன செய்வார் என்று தெரியாதவர்களால் அவ்வளவு கச்சிதமாக மோத முடியாது.

'லேஸி' நல்ல ப்ளூஸ். ஆர்கனில் ஒரு முரட்டுத் தொடக்கம், கில்லன் மவுத் ஆர்கன் வாசிக்கிறார், நடுவில் பிளாக்மோர் ஸ்வீடன் நாட்டு இசையமைப்பாளர் ஹியூகோ ஆல்ஃபேனின் ஒரு மெட்டைக் கிள்ளிப்போட்டுவிட்டுப் போகிறார். தலைப்புக்கு ஏற்ற மாதிரி சாய்ந்து உட்கார்ந்து கேட்கலாம்.

'ஸ்பேஸ் டிரக்கிங்' ஸ்டூடியோவில் நாலரை நிமிடம், இங்கே 19 நிமிடம் 54 நொடி. இசைத்தட்டில் நான்காம் பக்கம் முழுவதும் இது ஒன்றுதான். பாட்டு சீக்கிரமே முடிந்துவிடுகிறது, மிச்சமெல்லாம் சுற்றுப்பயணம். லார்ட் ஆர்கனின் ஒலியை ரிங் மாடுலேட்டர் என்ற கருவியில் செலுத்தி உலோகம் கிழிவது போன்ற சத்தங்களை எழுப்புகிறார். ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட்டின் 'வியாழன்' மெட்டு ஒரு நிமிடம் எட்டிப்பார்க்கிறது. பிறகு பிளாக்மோர். இந்த நீண்ட பகுதியை முந்தைய ஆண்டுகளில் 'மாண்ட்ரேக் ரூட்' என்ற வேறொரு பாட்டின் வாலாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு போய்விட்டது, வால் மட்டும் இங்கே வந்து ஒட்டிக்கொண்டது. நேர்மையாகச் சொன்னால் நடுவில் நாலைந்து நிமிடம் தொய்வு இருக்கிறது. கண்ணால் பார்த்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது. பிளாக்மோர் கிடாரை என்ன பாடுபடுத்துகிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். காதால் மட்டும் கேட்கும் நமக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். கடைசியில் எல்லோரும் சேர்ந்து முடிக்கும் இடத்தில் போட்ட பொறுமை வட்டியோடு திரும்பிவிடும்.

ஜப்பான் ரசிகர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பாட்டு நடக்கும்போது அமைதியாகக் கேட்டு, முடிந்ததும் வெடிக்கிற கூட்டம். பெய்ஸ் அத்தனை மெல்ல உருட்டியதும், 'சைல்ட் இன் டைம்' தொடக்கத்தில் ஆர்கன் அவ்வளவு தனியாகக் கேட்பதும் அந்தக் கூட்டத்தால்தான். விசிலும் கூச்சலும் நிறைந்த ஒரு ஊரில் இதே வாசிப்பு பதிவாகியிருந்தால் பாதி நமக்குக் கேட்டிருக்காது.

நாடாக்கள் இங்கிலாந்து வந்தபோது மிக்ஸ் செய்ய வந்தவர்கள் குளோவரும் பெய்ஸும்தான். மற்ற மூவரும் எட்டிப் பார்க்கவில்லை. கில்லனும் பிளாக்மோரும் முழு ஆல்பத்தையும் கேட்டதே இல்லை என்று பெய்ஸ் பிற்பாடு சொன்னார். கேட்காததும் நல்லதுக்குத்தான் என்று நினைக்கிறேன். கேட்டிருந்தால் அதை மாற்று, இதைத் திரும்பப் பாடுகிறேன் என்று ஆரம்பித்திருப்பார்கள். அந்தப் பத்தாண்டில் வந்த புகழ்பெற்ற கச்சேரி ஆல்பங்கள் பலவற்றில் ஸ்டூடியோ ஒட்டு உண்டு. கிஸ் குழுவின் 1975 ஆல்பத்தில் நிறையவே உண்டு. தின் லிஸி குழுவின் 1978 ஆல்பத்தில் முக்கால்வாசி ஸ்டூடியோவில் செய்தது என்று அதன் தயாரிப்பாளரும், இல்லவே இல்லை என்று குழுவினரும் பல காலம் சண்டை போட்டார்கள். ஒட்டுப்போடுவதைப் பாவம் என்று நான் சொல்லமாட்டேன், அந்த ஆல்பங்களும் எனக்குப் பிடிக்கும். ஆனால் மார்ட்டின் பர்ச் பதிவு செய்த இந்தப் பதிவில் அறையின் அளவு காதுக்குத் தெரிகிறது, ஒவ்வொரு வாத்தியமும் எங்கே நிற்கிறது என்று தெரிகிறது. ஒரு வாத்தியத்தைப் பிறகு கொண்டுவந்து சேர்த்தால் அது கெட்டுவிடும். பர்ச் பின்னாளில் அயர்ன் மெய்டன் குழுவின் தயாரிப்பாளராகப் புகழ்பெற்றார். 2020இல் காலமானார்.

அட்டையை வடிவமைத்தவரும் குளோவர்தான். இதில் ஒரு குறும்பு. 'மேட் இன் ஜப்பான்' அட்டையில் இருக்கும் மேடைப் படம் ஜப்பானில் எடுத்ததே இல்லை, லண்டனில் எடுத்தது. ஜப்பானியப் பதிப்புக்கு மட்டும் வேறு பெயர், வேறு அட்டை. அதில் உண்மையிலேயே புடோகான் மேடையை மேலேயிருந்து எடுத்த படம் இருந்தது.

ஆல்பம் 1972 டிசம்பரில் பிரிட்டனில் வெளியாயிற்று. அமெரிக்காவில் அடுத்து வரவேண்டிய ஸ்டூடியோ ஆல்பத்துக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று நிறுத்திவைத்து, 1973 ஏப்ரலில்தான் விட்டார்கள். அங்கே விற்பனைப் பட்டியலில் ஆறாம் இடம் வரை ஏறியது. மே மாதம் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' சிங்கிளாக வந்தபோது ஒரு பக்கம் ஸ்டூடியோப் பதிவு, மறுபக்கம் ஜப்பான் பதிவு. அது நான்காம் இடம். வானொலி நிலையங்கள் அதைத் தேய்த்துக்கொண்டிருந்த அதே கோடையில் குழு உடைந்தது. அந்த ஐவர் சேர்ந்து வாசித்த கடைசிக் கச்சேரி 1973 ஜூன் 29 அன்று நடந்தது. ஊர், வேறெங்கும் இல்லை, ஒசாகா. இயன் பெய்ஸுக்கு அன்று 25ஆவது பிறந்தநாள். கில்லனும் குளோவரும் விலகினார்கள். அதே ஐவர் மறுபடி சேர 1984 ஆயிற்று.

இப்போது மூன்று இரவுகளும் கிடைக்கின்றன. 1993இல் மூன்று தட்டுகளாக வந்தது, 2014இல் இன்னும் முழுமையாக. 1998 பதிப்பில் 'பிளாக் நைட்' முதலான மூன்று கூடுதல் பாட்டுகள் தனித்தட்டில் உண்டு. மூன்று இரவையும் வரிசையாகக் கேட்பது தனி அனுபவம். ஒரே பாட்டில் பிளாக்மோர் ஒரு நாள் போன வழியில் அடுத்த நாள் போகவே மாட்டார். ஆனால் எல்லாவற்றையும் கேட்டபின் எனக்கு மரியாதை கூடியது குளோவர், பெய்ஸ் இருவரின் தேர்வின் மேல். மூன்று இரவிலும் மிகச் சிறந்தது புடோகான்தான் என்பது குழுவின் எண்ணம். பன்னிரண்டு பதின்மூன்றாயிரம் ஜப்பானியப் பிள்ளைகள் 'சைல்ட் இன் டைம்' பாட்டைக் கூடவே பாடியதைத் தன் இசை வாழ்வின் பெரிய தருணம் என்று குளோவர் சொல்லியிருக்கிறார். அவரே மிக்ஸ் செய்ய உட்கார்ந்தபோது அந்தப் பாட்டுக்குப் புடோகான் நாடாவை எடுக்கவில்லை. ஒசாகா இரண்டாம் இரவைத்தான் எடுத்தார், ஏனென்றால் அங்கேதான் ஒலி சரியாக விழுந்திருந்தது. புடோகானிலிருந்து எடுத்தவை 'த மியூல்', 'லேஸி' இரண்டு மட்டும். 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' முதல் இரவு, மற்றவை எல்லாம் இரண்டாம் இரவு. புதிதாகக் கேட்கிறவர்கள் பெரிய பெட்டிகளை வாங்கிக் குழம்ப வேண்டாம். பழைய ஏழு பாட்டு, பழைய வரிசை, அதில் தொடங்குங்கள். 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் உமன்' மட்டும் பிற்பாடு மூன்று இரவிலும் தேடிக் கேளுங்கள், சண்டை ஒவ்வொரு நாளும் வேறு மாதிரி போகிறது.